சந்தியாகப்பர் நாளில் மலாக்கா
வரலாற்றுத் தொடர் – 14

1511-ஆம் ஆண்டு ஜூலை 25. பொழுது புலரும் நேரத்தில் போர்த்துக்கீசியப் படை மலாக்கா ஆற்றின் முகத்துவாரத்தில் இறங்கியது. தாக்குதலுக்கு நாள் குறித்தவர் தளபதி அஃபோன்சோ டி அல்புகெர்க். அது புனித யாக்கோபின் திருநாள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று அன்போடு அழைக்கும் அதே புனிதர்தான். ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் அவரை வெள்ளைக் குதிரையில் வாளேந்தியவராக வரைவார்கள். குதிரையின் காலடியில் முஸ்லிம் வீரர்கள் விழுந்து கிடப்பார்கள். அங்கே முஸ்லிம் அரசுகளை எதிர்த்துப் போருக்குப் போன தலைமுறைகள் எல்லாம் அவர் பெயரைச் சொல்லித்தான் முழங்கின. அல்புகெர்க்கே அந்தப் புனிதரின் பெயர் தாங்கிய வீரர் சபையைச் சேர்ந்தவர்.

எருசலேமில் 1099-இல் நடந்த படுகொலையையும், 1187-இல் சலாஹுத்தீன் அந்நகரை மீட்டதையும், 1291-இல் ஆக்கர் கோட்டை விழுந்ததோடு சிலுவைப் போர்கள் ஓய்ந்ததாக நூல்கள் எழுதுவதையும் இதுவரை பார்த்தோம். ஓய்ந்தது பாலஸ்தீனத்தில் மட்டும்தான். ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் அந்தப் போர் வேறு உருவில் நடந்துகொண்டே இருந்தது. அங்கிருந்து கடலேறி நம் நீரிணைக்கு வந்தது. கோலாலம்பூரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர் மலாக்கா. அந்த ஊர் எருசலேமின் கணக்கில் எப்படிச் சேர்ந்தது என்பதுதான் இந்த அத்தியாயம்.

லிஸ்பனே சிலுவைப் போரில் பிடிபட்ட நகரம். 1147-இல் பாலஸ்தீனத்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த ஆங்கிலேய, ஃபிளெமிஷ், ஜெர்மானிய வீரர்களை வழியில் நிறுத்தி, அவர்கள் துணையோடு முஸ்லிம்களிடமிருந்து லிஸ்பனை எடுத்துக்கொண்டார் அரசர் அஃபோன்சோ என்றிக்கஸ். பிறகு 1312-இல் திருத்தந்தை, சிலுவைப் போர் வீரர்களின் டெம்ப்ளர் சபையைக் கலைத்தபோது, போர்த்துக்கல் அரசர் தினிஸ் அந்தச் சபையின் சொத்துகளை வெளியே போகவிடவில்லை. 1319-இல் கிறிஸ்துவின் சபை என்ற புதுப் பெயரில் அவை கைமாறின. நூறாண்டு கழித்து அந்தச் சபையின் பொறுப்பை ஏற்றவர் இளவரசர் என்றிக். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிக் கப்பல்களை அனுப்பும் செலவுக்கு அந்தச் சபையின் வருமானம் உதவியது. இந்தியப் பெருங்கடலுக்கு வந்த போர்த்துக்கீசியக் கப்பல்களின் பாய்களில் இருந்த சிவப்புச் சிலுவை அந்தச் சபையின் சின்னம். டெம்ப்ளர்களின் வாரிசுகள்தான் கொச்சிக்கும் கோவாவுக்கும் மலாக்காவுக்கும் வந்தார்கள் என்று சொன்னால் அது மிகையில்லை.

சட்டத்துக்கும் குறைவில்லை. 1455-இல் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் எழுதிக்கொடுத்த ஆணை, முஸ்லிம்களையும் பிற சமயத்தாரையும் வென்று அடக்கும் உரிமையையும், அந்தக் கடல்களில் வாணிகம் செய்யும் தனி உரிமையையும் ஒரே தாளில் போர்த்துக்கலுக்குத் தந்தது. சமயமும் வணிகமும் ஒரே முத்திரையின் கீழ் வந்தன. 1502-இல் வாஸ்கோ ட காமா, மக்காவிலிருந்து ஹஜ் முடித்துத் திரும்பிய மிரி என்ற கப்பலை மறித்தார். கொள்ளையடித்தபின் பெண்களும் குழந்தைகளும் உள்ளேயிருக்க அதைக் கொளுத்தினார். நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். கேரளக் கரை முழுக்கச் செய்தி பரவியது. மலாக்காவுக்கும் அது எட்டாமல் இருந்திருக்காது. இங்கே தங்கியிருந்த குஜராத்தி, தமிழ் முஸ்லிம் வணிகர்களின் கப்பல்களும் அதே கடலில்தான் ஓடின.

இத்தனைக்கும் மலாக்கா மக்கள் அவர்களைப் பகைவராகப் பார்க்கவில்லை. 1509 செப்டம்பரில் தியோகோ லோப்பஸ் டி செக்கேரா முதல் கப்பல்களோடு வந்தபோது நடந்ததை மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு அழகாகச் சொல்கிறது. கரையில் கூட்டம் கூடிவிட்டது. இவர்கள் யார், வெள்ளை வங்காளிகளா என்று வியந்தார்கள். ஒருவர் தாடியை வருடிப் பார்த்தார், இன்னொருவர் தொப்பியை எடுத்துப் பார்த்தார், வேறொருவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு போர்த்துக்கீசியனைச் சுற்றியும் ஆட்கள். நானூறு ஆண்டுப் பகையைச் சுமந்து வந்தவர்கள் இறங்கிய கரையில் அந்தப் பகை ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இந்தக் காட்சி இல்லாமல் 1511-ஐப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன்.

மலாக்கா எப்படிப்பட்ட ஊர்? சுல்தானும் அவையும் முஸ்லிம்கள். துறைமுகத்தைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள். குஜராத்திகளுக்கு ஒருவர். தமிழர், வங்காளிகள், பெகுக்காரர், பாசைக்காரர் ஆகியோருக்கு ஒருவர். ஜாவா, மலுக்கு முதலிய தீவுகளுக்கு ஒருவர். சீனருக்கும் ரியூக்யூ தீவினருக்கும் ஒருவர். பிரிவினை ஊரை வைத்தும் கப்பல் வரும் திசையை வைத்தும்தான்; சமயத்தை வைத்து அல்ல. சோழமண்டலக் கரைத் துணி இறக்கிய தமிழர்களில் இந்துக்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். இருவருக்கும் ஷாபந்தர் ஒருவரே.

நம் கிள்ளானுக்கும் இதில் பங்குண்டு. 1440-களில் சயாம் படை மலாக்காவை நோக்கி வந்தபோது, கிள்ளான் தலைவராக இருந்த துன் பேராக் தன் ஆட்களோடு புறப்பட்டார். பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே வந்தார். போருக்கு எதற்குக் குடும்பம் என்று கேட்டபோது, பெண்டு பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால்தான் ஆண்கள் உயிரைக் கொடுத்துப் போராடுவார்கள் என்றாராம். அந்தத் துன் பேராக் 1456-இல் பெண்டஹாரா ஆனார். நாற்பதாண்டுகளுக்கு மேல் மலாக்காவின் முதலமைச்சராக இருந்தார். கிள்ளானின் ஈயமும் மலாக்காவுக்குத்தான் போயிற்று.

அவருடைய தங்கை துன் கூடு. சுல்தான் முசாஃபர் ஷாவின் மனைவியாக இருந்தவர். அவையின் இரு பெரிய குடும்பங்களுக்கிடையே பூசல் முற்றியபோது அதைத் தீர்க்க, சுல்தான் அவரை மணவிலக்கு செய்து ஸ்ரீ நாரா திராஜா துன் அலிக்கு மணமுடித்து வைத்தார். துன் அலி தமிழ் முஸ்லிம் வழிவந்தவர். கடல் கடந்து வந்த மணி புரிந்தன் என்பவரின் மகன் என்று செஜாரா மெலாயு அவர் மரபைச் சொல்கிறது. இந்தத் தம்பதிக்குப் பிறந்தவர் துன் முத்தாஹிர். 1509-இல் போர்த்துக்கீசியர் வந்தபோது மலாக்காவின் பெண்டஹாரா அவர்தான். அப்போதைய சுல்தான் மஹ்மூத் ஷாவின் தாயும் துன் அலியின் மகள். ஆக, மலாக்காவின் கடைசி சுல்தானுக்கும் அவருடைய முதலமைச்சருக்கும் தமிழ் இரத்தம் உண்டு. முதலமைச்சருக்குக் கிள்ளான் தலைவரின் இரத்தமும் உண்டு. நம் பிள்ளைகள் மலாக்கா வரலாற்றைப் படிக்கும்போது இந்த உறவுமுறைகளையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்பது என் ஆசை.

1509-இல் வந்த போர்த்துக்கீசியரைத் தாக்கிவிடலாம் என்று அவையில் முடிவானது. கேரளக் கரையில் அவர்கள் செய்ததை அறிந்த வணிகர்கள் அந்த அச்சத்தை ஊட்டியிருந்தார்கள். செக்கேரா தப்பினார், கரையில் இருந்த ஏறத்தாழ இருபது பேர் சிறைப்பட்டனர். அவர்களில் ஒருவர் ருய் டி அரௌஜோ. 1510 பிப்ரவரியில் அவர் அல்புகெர்க்குக்கு எழுதிய கடிதம் மலாக்காவின் படைபலத்தையும் நிலைமையையும் விவரித்தது. அந்தக் கடிதம் வெளியே போக உதவியவர் நைனா சாத்து. தமிழ் இந்து வணிகர். சிறைக்கைதிகளுக்கு உணவும் பணமும் கொடுத்துப் பார்த்துக்கொண்டவரும் அவரே.

அதே ஆண்டில் அவைக்குள் வேறொரு தீ மூண்டது. ஷாபந்தராக இருந்த ராஜா முதலியாருக்கும், தலைமை வணிகர் நைனா சூரதேவனுக்கும் வழக்கு. சூரதேவன் இரவோடு இரவாகப் பெண்டஹாராவுக்குத் தங்கம் கொடுத்தார் என்ற செய்தியை முதலியாரிடம் கொண்டுபோனவன் கிதுல். அவன் சூரதேவனின் உறவினன், முதலியாரிடம் கடன்பட்டவன். செய்திக்கு விலையாகக் கடன் தள்ளுபடியானது. முதலியார், லக்சமணா என்ற கடற்படைத் தளபதிப் பதவியில் இருந்த கோஜா ஹசானுக்குக் கையூட்டுக் கொடுத்து, பெண்டஹாரா அரியணைக்கு ஆசைப்படுகிறார் என்று சுல்தானின் காதில் போடவைத்தார். சுல்தான் விசாரிக்கவில்லை. துன் முத்தாஹிருக்கு மரண ஆணை போனது. எதிர்க்கத் துடித்த தன் ஆட்களை அவரே தடுத்து, ஆணைக்குக் கட்டுப்பட்டு உயிர்விட்டார். குடும்பமும் அழிந்தது. உண்மை தெரிந்தபின் முதலியாரும் கிதுலும் கொல்லப்பட்டார்கள். அல்புகெர்க் வந்து சேர்ந்தபோது, ஐம்பதாண்டுக்கு மேல் நிர்வாகம் செய்த குடும்பத்தின் அனுபவம் சுல்தானின் பக்கத்தில் இல்லை.

1511 ஜூலை தொடக்கத்தில் சுமார் 18 கப்பல்கள் வந்தன. வீரர்கள் ஆயிரத்துக்குச் சற்று மேல். அவர்களில் மலபார்க் கரையிலிருந்து கூட்டிவந்த இந்தியர்களும் உண்டு. சுல்தானின் நடத்தையால் மனம் கசந்திருந்த சீன வணிகர்கள் தங்கள் ஜங்குக் கப்பல்களைக் கொடுத்து உதவினார்கள்.

நகரம் ஆற்றின் இரு கரையிலும் பரந்திருந்தது. ஒரு பக்கம் அரண்மனையும் மசூதியும், மறுபக்கம் வணிகர்களின் வீடுகளும் கிடங்குகளும். நடுவே பாலம். பாலத்தைப் பிடித்தால் நகரம் இரண்டாகும். அல்புகெர்க்கின் திட்டம் அதுதான். சந்தியாகப்பர் நாளில் பாலத்தைப் பிடித்தார்கள், ஆனால் வெயிலும் அம்புகளும் தாங்காமல் மாலையில் கப்பலுக்குத் திரும்பினார்கள். சுல்தான் யானைமேல் வந்து போரிட்டார். அதன் பிறகு அல்புகெர்க் உயரமான ஒரு ஜங்கை எடுத்து, பீரங்கி ஏற்றி, ஆற்றுக்குள் தள்ளினார். அது மணல்திட்டில் தட்டி நின்றுவிட்டது. பெருவேற்றம் வரும்வரை நாள்கணக்கில் காத்திருந்தார்கள். கரையிலிருந்து அதைக் கொளுத்த முயன்றது பலிக்கவில்லை. ஆகஸ்ட் 10 அன்று நீர் உயர்ந்து, ஜங்கு பாலத்தை விட உயரமாக அதன் பக்கத்தில் வந்து நின்றது. மேலிருந்து சுட்டார்கள், பாலம் வீழ்ந்தது. இரண்டு வாரத்தில், ஆகஸ்ட் 24-இல், நகரம் முழுவதும் கைவிட்டுப் போனது.

தாக்குதலுக்கு முன் அல்புகெர்க் தன் தலைவர்களிடம் பேசியதாக, அவருடைய மகன் தொகுத்து 1557-இல் வெளியிட்ட நூல் இரண்டு காரணங்களைச் சொல்கிறது. முதலாவது, முஸ்லிம்களை இங்கிருந்து விரட்டி இறைவனுக்குச் செய்யும் தொண்டு. இரண்டாவது, மலாக்கா போனால் மிளகும் கிராம்பும் கெய்ரோவுக்கும் மக்காவுக்கும் போகாது. வெனிஸ்காரர்கள் போர்த்துக்கலிடம்தான் வாங்கவேண்டிவரும். எகிப்தின் மம்லூக்கு அரசைப் பட்டினிபோட்டு, எருசலேமை மீட்க வழிசெய்வது போர்த்துக்கல் அரசர் மனுவேலின் கனவு. நைல் நதியைத் திருப்பி எகிப்தை வறளவைக்கலாம், மதீனாவைத் தாக்கி அதைப் பணயமாக்கி எருசலேமைக் கேட்கலாம் என்றெல்லாம் அல்புகெர்க் திட்டமிட்டார். 1513-இல் ஏடனைத் தாக்கித் தோற்றதோடு அந்தத் திட்டங்கள் நின்றன. ஆனால் அதே ஆண்டு மலாக்கா வெற்றியைத் திருத்தந்தை பத்தாம் லியோவுக்கு மனுவேல் கடிதமாக எழுத, ரோமில் அதை அச்சிட்டுக் கொண்டாடினார்கள்.

பக்தி வெறும் போர்வை, மிளகுதான் உண்மை என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நம்பிக்கை இல்லாதவன் ஒரு புனிதரின் நாளுக்காகக் காத்திருக்கமாட்டான். அந்த மனிதர்கள் உண்மையிலேயே நம்பினார்கள். அதனால்தான் அவர்கள் கை நடுங்கவில்லை. மலாக்காவில் ஏ ஃபமோசா கோட்டையை மசூதிகளையும் அரச கல்லறைகளையும் இடித்து எடுத்த கற்களை வைத்துக் கட்டினார்கள். வியாபாரிக்குக் கல் போதும். கல்லறைக் கல்தான் வேண்டும் என்பதில்லை.

வென்றவுடன் அவர்கள் செய்த வேலை மக்களைத் தரம் பிரித்தது. முஸ்லிம்கள் பகைவர், இந்துக்களும் பெகுக்காரர்களும் நண்பர்கள். கொள்ளையின்போது நைனா சாத்துவின் வீடும் கிடங்கும் காக்கப்பட்டன. அவரையே இந்துக்களுக்கும் பிற சமயத்தாருக்கும் பெண்டஹாராவாக நியமித்தார் அல்புகெர்க். பெகுவுக்கும் பழவேற்காட்டுக்கும் கப்பல் அனுப்புவதில் போர்த்துக்கல் அரசருக்கு அவர் கூட்டாளியானார். அதுவரை ஒரே ஷாபந்தரின் கீழ் ஒரே துணியை விற்ற தமிழர்களில், ஒருவர் ஆட்சிக் கூட்டாளி, மற்றவர் ஊரைவிட்டு ஓடவேண்டியவர். அந்தப் பிரிவுக் கோடு போட்டவர்கள் அதை லிஸ்பனிலிருந்து கொண்டுவந்தார்கள்.

கூட்டாளி என்ற மதிப்பும் நிலைக்கவில்லை. 1514-இல் புதிய ஆளுநர், அரசியல் வசதிக்காக, சுல்தான் மஹ்மூதின் மருமகனான கம்பார் அரசரைப் பெண்டஹாராவாக்க முடிவுசெய்தார். ஒரு முஸ்லிம் இளவரசருக்காக இந்து நண்பரைக் கழற்றிவிட்டார்கள். அவமானம் பொறுக்காத நைனா சாத்து, சந்தனக்கட்டையும் அகிற்கட்டையும் அடுக்கிய சிதையில் ஏறி உயிர்விட்டதாகப் போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். தன் சேவைகளை எல்லோர் முன்னும் எடுத்துச் சொல்லிவிட்டுத் தீயில் இறங்கினாராம். அடுத்த ஆண்டே கம்பார் அரசரையும் துரோகக் குற்றம் சாட்டிக் கொன்றார்கள்.

முஸ்லிம் வணிகர்கள் ஆச்சேவுக்கும் பந்தேனுக்கும் ஜொகூருக்கும் நகர்ந்தார்கள். ஆச்சே வளர்ந்தது. 1560-களில் அதன் தூதர்கள் இஸ்தான்புல் வரை போய் ஒஸ்மானிய சுல்தானிடம் பீரங்கியும் ஆட்களும் கேட்டார்கள். 1568-இல் ஆச்சேக்காரர்கள் மலாக்காவைப் பெரும் படையோடு முற்றுகையிட்டார்கள். முடியவில்லை. கேரளத்தில் ஷேக் ஸைனுத்தீன் மக்தூம், போர்த்துக்கீசியரை எதிர்த்துப் போரிடுவது சமயக் கடமை என்று அரபியில் நூலே எழுதினார். ஒருவர் சிலுவையோடு வந்ததால் மற்றவரும் சமயத்தின் பேரில் அணிதிரள நேர்ந்தது.

ஆனால் அணிகள் சமயப்படி நிற்கவேயில்லை. கோழிக்கோட்டின் இந்து அரசருக்காக முஸ்லிம் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்கள் போரிட்டார்கள். ஆச்சே, முஸ்லிம் நாடான ஜொகூரைத் தாக்கியது. 1629-இல் ஆச்சேயின் கடற்படை மலாக்காவில் அழிந்தபோது, போர்த்துக்கீசியருக்கு உதவியவர்களில் மலாய் அரசுகளும் இருந்தன. கடைசியில் 1641 ஜனவரியில் மலாக்காவைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்தவர்கள் டச்சுக் கிறிஸ்தவர்கள். அவர்களுக்குத் தோள்கொடுத்தது ஜொகூர். ஏ ஃபமோசாவில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு வாயில் மட்டுமே. அதன் பெயர் போர்ட்டா டி சந்தியாகோ. மேலே செதுக்கியிருப்பது டச்சுக் கம்பெனியின் சின்னமும் 1670 என்ற ஆண்டும்.

இந்த வரலாற்றில் என்னை வருத்துவது வேறொன்று. மலேசிய அரசியல் மேடைகளில் துரோகியைக் குறிக்க இன்றும் கிதுலின் பெயரை எடுக்கிறார்கள். அதோடு நில்லாமல், மலாக்காவைக் காட்டிக்கொடுத்தவர்கள் தமிழர்கள் என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவர்களும் உண்டு. கிதுல் செய்தது துரோகம்தான். நைனா சாத்து பகைவனுக்கு உதவினார், அதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அநியாயமாக மாண்ட பெண்டஹாராவும் தமிழ் வழிவந்தவரே. யானைமேல் நின்று நகரைக் காக்கப் போராடிய சுல்தானின் தாய்வழியும் அதுவே. சொத்தை இழந்து ஓடியவர்களில் தமிழ் முஸ்லிம்கள் உண்டு. லஞ்சம் வாங்கிப் பொய் சொன்ன கோஜா ஹசான் மலாக்காவின் தளபதி. ஜங்கு கொடுத்தவர்கள் சீனர்கள். ஒரு இனத்தின் தலையில் பழியைப் போட்டால், நகரம் ஏன் விழுந்தது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவில் நடந்துபோனால், 1928-இல் எழுந்த லூர்து அன்னை ஆலயத்தையும் இந்திய முஸ்லிம் பள்ளிவாசலையும் ஒரே வட்டாரத்தில் பார்க்கலாம். பூக்கடையும் துணிக்கடையும் நகைக்கடையும் நெருக்கியடிக்கும் தெரு அது. ஆலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் வழிபட வருகிறவர்களில் பலருக்கு வீட்டில் பேச்சு தமிழ்தான். இவர்களின் முன்னோர்கள் பெரும்பாலும் 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் ரயில் பாதைக்கும் துறைமுகத்துக்கும் தோட்டத்துக்கும் வணிகத்துக்கும் வந்தவர்கள். அல்புகெர்க்கின் மலாக்காவோடு நேரடித் தொடர்பில்லாதவர்கள். ஆனால் அவர்களில் சிலர் புறப்பட்டு வந்த தமிழ்க் கரையில் அதே போர் அதே நூற்றாண்டில் நடந்திருக்கிறது. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஏறத்தாழ 20,000 பேர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றார்கள். 1538-இல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் மரைக்காயர்களின் கப்பற்படையைப் போர்த்துக்கீசியர் அழித்தார்கள். அதே கரையில், ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில், சந்தியாகப்பர் திருவிழாவுக்கு இன்று இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே வருகிறார்கள்.

வேதாளைப் போரையும் தங்கச்சிமடத்தையும் அடுத்த அத்தியாயத்தில் விரிவாக எழுதுகிறேன். தூத்துக்குடி, கீழக்கரை, வேம்பார், காயல்பட்டினம் பக்கமிருந்து கிள்ளானுக்கோ பிரிக்ஃபீல்ட்ஸுக்கோ வந்த குடும்பங்களில் பாட்டன் பாட்டி சொன்ன கடற்கரைக் கதைகள் ஏதேனும் இருந்தால், தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

(தொடரும்)